கட்டிக்கு வைத்த சூடு

எலியின் கழுத்தை முறிக்கும்போது சத்தம் வராது. விரல்களுக்கு இடையில் சின்னதாக ஏதோ நழுவுவது மட்டும் தெரியும், அவ்வளவுதான். அது என் வேலையில் ஒரு பகுதி. புற்றுநோய்க்கு மருந்து செய்கிறேன் என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் பெருமை. அந்த மருந்துக்காகக் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் எலிகளுக்கு முதலில் கட்டி வரவைக்கிறோம், பிறகு அந்தக் கட்டியைச் சுடுகிறோம், கடைசியில் எலியையே கொல்கிறோம் என்று சொன்னால் ஒருவரும் என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டார்கள். அதனால் நான் சொல்வதில்லை.

அண்ணைக்கு மட்டும் சொன்னேன். அதற்காக எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. கேட்கத் தெரியாத மனிதனுக்கு விளங்கச் சொன்னது என் பிழையா? நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

அண்ணை என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் புகையிலை செய்கிறவர். அப்பா செத்த பிறகு என்னைப் படிப்பித்து ஆளாக்கியவர் அவர்தான். அவருக்கு அன்பு காட்டவும் கை, கோபம் காட்டவும் கை. நான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட செய்தி வந்தபோது முதுகில் ஓர் அடி போட்டார், எனக்குப் புரையேறிக் கண்ணீர் வந்துவிட்டது. டியூஷன் வாசலில் என்னை மறித்துப் பகிடி விட்ட ஒருவனுக்கு முன்பல் இரண்டைக் கழற்றினார். 'அடியாத மாடு படியாது' என்பதுதான் அவர் கற்ற ஒரே வேதம். கலியாணம் முடித்த புதிதில் மச்சாளுக்கும் அதை ஓதிப் பார்த்தார். மச்சாள் ஒருநாள் தேங்காய் உரிக்கிற அலவாங்கைப் பிடுங்கிக்கொண்டு நின்றா. அதற்குப் பிறகு அண்ணை அவவின் மேல் கை வைத்ததில்லை.

போன வருடம் லீவில் போயிருந்தேன். மத்தியானம் மீன் குழம்பும் சோறும். சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணை கேட்டார்.

"உன்ரை மருந்து எப்பிடித்தான் வேலை செய்யிறது? எனக்கு விளங்கிறமாதிரிச் சொல்லு பாப்பம்."

கையில் சவர்க்காரம் இருந்தது. அதை வைத்தே சொன்னேன். சவர்க்காரத்தின் ஒவ்வொரு துணிக்கைக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. அதனால் தண்ணீருக்குள் போட்டதும் வால்களெல்லாம் உள்ளே ஒளிந்துகொண்டு, தலைகள் வெளியே நின்று, தாங்களாகவே உருண்டையாகச் சேர்ந்துவிடும். ஒருவரும் பிடித்து உருட்டத் தேவையில்லை. கையில் இருக்கிற குழம்பு எண்ணெய் அந்த உருண்டைக்குள் போய் ஒளியும், அதனால்தான் கை சுத்தமாகிறது. எங்கள் மருந்தும் அப்படித்தான். எண்ணெய்க்குப் பதில் உள்ளே புற்றுநோய் மருந்தும், வெளிச்சம் பட்டால் சூடாகிற ஒரு சாயமும் இருக்கும். உருண்டை கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. இரத்தத்தோடு போகும். கட்டியில் இருக்கிற இரத்தக் குழாய்கள் அவசரத்தில் கட்டின மதில் மாதிரி, எங்கும் ஓட்டை. அந்த ஓட்டைகளால் உள்ளே இறங்கித் தங்கும். பிறகு நாங்கள் வெளியில் இருந்து ஒரு லேசர் வெளிச்சத்தைப் பிடிப்போம். கட்டி உள்ளுக்குள் இருந்தே சூடாகும், உருண்டை உடையும், மருந்து அந்த இடத்திலேயே கொட்டும்.

"அப்ப ரெண்டு அடி," என்றார் அண்ணை. அவருக்கு அடிக் கணக்கில் சொன்னால்தான் விளங்கும். "சூடு ஒரு அடி. மருந்து ஒரு அடி."

"ஓம். சூட்டிலை தளர்ந்துபோன கட்டி மருந்தைக் கூடுதலாக் குடிக்கும்."

"இதைத்தானே அப்பா எனக்குச் செய்தவர்," என்று வலது தொடையைத் தட்டினார்.

அந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் அப்போது சின்னப் பெட்டை. போர் வந்து, எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். கொடிகாமத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னங்காணியில் ஓலைக் கிடுகால் மறைத்துக்கொண்டு இருந்தோம். அங்கே விழுந்து வெடித்த செல் குண்டில் அண்ணையின் தொடையில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு போனது. துண்டு வெளியே போய்விட்டது, புண் போகவில்லை. சீழ் வைத்து நாறியது. மருந்து என்ற பெயரில் ஆஸ்பத்திரியில் உப்புத் தண்ணீர்தான் இருந்தது. அப்பா மாட்டுவண்டிலில் கட்டிக்கொண்டு வந்த சாமான்களுக்குள் மாட்டுக்குக் குறிசுடும் இரும்பும் இருந்தது. எங்கள் வீட்டு முதலெழுத்தை வளைத்து அடித்த இரும்பு. மாடு தொலைந்தால் அந்த எழுத்தைப் பார்த்து ஊரார் திருப்பிக்கொண்டு வந்து கட்டுவார்கள். அப்பா அதைத் தேங்காய்ப் பொச்சுமட்டை நெருப்பில் பழுக்க வைத்தார். அண்ணையின் வாய்க்குள் துவாயை அடைத்தார். என்னைக் கணுக்காலில் ஏறி இருக்கச் சொன்னார். இருந்தேன். அண்ணை உதைத்த உதையில் நான் போய்த் தென்னையில் மோதினேன். பிறகு புண்ணைச் சுற்றி ஏதோ பச்சிலை அரைத்துக் கட்டினார்கள். ஆறிவிட்டது. வேறு பத்துக் காரணத்தால் ஆறியிருக்கலாம். அண்ணையின் தொடையில் எங்கள் வீட்டுக் குறி நிரந்தரமாக நின்றது. அதைக் காட்டி, "நான் அப்பாவின்ரை மாடு," என்று பகிடி விடுவார்.

அன்றைக்கு இன்னொன்றும் கேட்டார்.

"சுகம் வந்த எலியை என்ன செய்வியள்? விட்டிடுவியளோ?"

"இல்லை. கொல்லுவம்."

"ஏனடி? சுகமானதையோ?"

"வெளியிலை கட்டி கரைஞ்சு போயிருக்கும். உள்ளுக்கை ஈரலுக்கோ நுரையீரலுக்கோ ஓடியிருக்கோ எண்டு வெட்டிப் பாத்தால்தான் தெரியும்."

அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சுகமாக்கிப்போட்டுக் கொல்லுறவை! உங்களை விட எங்களுக்குச் செல் அடிச்சவன் பரவாயில்லை."

அப்படிச் சிரித்த வாய்க்குள் அப்போதே புண் இருந்திருக்கிறது. வெற்றிலையும் புகையிலையும் வழமையாக அடக்குகிற இடது கன்னத்தை விட்டு வலது கன்னத்துக்கு மாற்றியிருந்தார். எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

சில மாதங்களில் மச்சாள் போன் எடுத்தா. "இவரின்ரை தாடைக்குக் கீழை ஒரு கட்டி. நான் கேட்டால் ஏசுறார். நீ வா."

போனேன். தொட்டுப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவில், கல்லுப்போல, அசையாமல் இருந்தது. எலிகளில் நாள்தோறும் தொடுகிற அதே கல். சண்டை பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். ஒரு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். டொக்டர் நேரடியாகச் சொன்னார். இப்போது வெட்டினால் தப்பலாம். தாடை எலும்பில் ஒரு பகுதியையும் கழுத்தில் இருக்கிற கட்டியையும் எடுக்கவேண்டும், பிறகு கதிர்வீச்சு. பிந்தினால் ஒன்றும் சொல்லமுடியாது.

"முகத்தை வெட்டி எடுக்கப் போறியளோ?" என்று அண்ணை எழும்பினார். எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் போய்ச் சுவரில் அடித்தது. "என்ரை தங்கச்சி மருந்து செய்யிறாள். வெட்டத் தேவையில்லை, கத்தி தேவையில்லை. நான் அதுக்குக் காத்திருக்கிறன்."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது ஓட்டோவுக்குள் வைத்துக் கத்தினேன்.

"அது எலிக்கு! ஆளுக்குக் குடுக்க இன்னும் எத்தினை வருசமோ, குடுப்பினமோ இல்லையோ, எனக்கே தெரியாது. நீங்கள் அதைப் பாத்துக்கொண்டிருந்தால் செத்துப் போவியள்!"

"எலிக்கு வேலை செய்யிறது எனக்கு ஏன் செய்யாது? நான் எலியிலும் கேடோ?"

ஓட்டோக்காரர் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டார். நான் விடவில்லை. நாங்கள் சண்டை பிடித்தே வளர்ந்தவர்கள், விட எனக்குத் தெரியாது. கடைசியில் அண்ணை தணிந்து, புகையிலை வெட்டு முடியட்டும், பிறகு ஒப்பரேசனுக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். நாள் குறித்துத் தந்தார்கள். அவரே போய் நிற்கமாட்டார் என்று தெரியும். அதனால் அதற்கு முந்திய நாள் காலை கொழும்பிலிருந்து பஸ்ஸால் வந்து இறங்கினேன்.

வீட்டில் மச்சாள் இல்லை. பின்வளவில் புகையிலைக்குப் புகைபோடும் கொட்டிலில் இருந்து புகை வந்தது. மச்சாள் அதன் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு நின்றா. உள்ளே அண்ணை குந்தியிருந்தார். மேலே வரிசையாகப் புகையிலை தொங்கியது, கீழே பொச்சுமட்டை கனன்றது. அதற்குள் அந்த இரும்பு.

இப்போதெல்லாம் மாட்டுக்குக் காதில் மஞ்சள் தகடு குத்துகிறார்கள். அந்த இரும்பை எங்கே வைத்திருந்தார் என்றே எனக்குத் தெரியாது. தீட்டித் துலக்கியிருந்தார். பக்கத்தில் அம்மியில் ஒரு களி. பார்மசியில் வாங்கிய புண்ணுக்குப் போடுகிற குளிசைகளை அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்திருக்கிறார். கழுத்தில் அந்தக் கட்டியின் மேல் தடிப்பாகப் பூசியும் இருந்தார்.

"மருந்து வைச்சாச்சு," என்றார், ஏதோ வாத்தியாருக்கு ஒப்பிக்கிறவர் மாதிரி. "இனிச் சூடு. நீ நல்ல நேரத்துக்கு வந்தனி. பிடி. எவ்வளவு நேரம் வைக்கோணும் எண்டு உனக்குத்தானே தெரியும்."

அவர் விளையாடவில்லை. நான் விளக்கிச் சொன்னதை ஒரு சொல் விடாமல் பிடித்துக்கொண்டு, அதில் உயிரை மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தைச் செய்து வைத்திருந்தார்.

"அண்ணை, அது வெளியிலை இருந்து சுடுறேல்லை. உள்ளுக்கை இருந்து சூடாக்கிறது. உது தோலைத்தான் அவிக்கும். கட்டிக்கு ஒண்டும் நடக்காது."

"அப்பா வெளியிலை இருந்துதானே சுட்டவர்?"

"அது சீழ்! இது கான்சர்!"

"நீ எலிக்குச் செய்வாய். எனக்குச் செய்யமாட்டாய்."

இரும்பை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். மற்றக் கையால் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். காது கூவியது. நான் சுருண்டு புகையிலைக்குக் கீழே விழுந்தேன். விழுந்த இடத்தில் இருந்து பார்த்தேன். அவர் துவாயைத் தானே வாய்க்குள் அடைத்தார். கண்ணைத் திறந்தபடி, பழுத்த இரும்பைக் கழுத்தில் வைத்து அழுத்தினார்.

எண்ணெய் சீறியது. பிறகு மயிர் பொசுங்குகிற மணம். பிறகு மற்ற மணம். ஆய்வுகூடத்தில் அந்த மணம் வந்தால் லேசரின் பலம் கூடிவிட்டது, பிழை நடக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்துவோம். இங்கே நிறுத்துவதற்குச் சுவிச் இல்லை. அண்ணையின் காலிரண்டும் மண்ணை உதைத்தன, கை மட்டும் விலகவில்லை. வைராக்கியம் என்று சொல்வார்கள். நான் அதை விசர்ப் பைத்தியம் என்கிறேன்.

மூலையில் மண்வெட்டிப் பிடி ஒன்று சாய்த்திருந்தது. எடுத்தேன். இரும்பைப் பிடித்த மணிக்கட்டில் என் பலம் முழுவதையும் சேர்த்து அடித்தேன். எலும்பு உடைந்தது. அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. இரும்பு விழுந்தது. நான் நிற்கவில்லை. தோளில், முதுகில், கண்டபடி அடித்தேன். "சாகவோடா போறாய்? சாகவோ போறாய்?" என்று கத்தினேன். அதுவரை அவரை ஒருநாளும் 'நீ' என்று அழைத்ததில்லை. கடைசியில் மச்சாள் வந்து என்னை இடுப்போடு கட்டிப்பிடித்தா. அண்ணை துவாயை வாயில் கவ்வியபடி, மண்ணில் கிடந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. நான் அழுதேன்.

ஆஸ்பத்திரிக்குக் காயத்தோடு வந்தால் வாசலில் இருக்கிற பொலிஸ்காரர் விசாரிப்பார்.

"கை எப்பிடி உடைஞ்சது?"

"மாடு இடிச்சது," என்றார் அண்ணை.

"கழுத்து?"

"அதும் மாடுதான்."

பொலிஸ்காரர் குனிந்து பார்த்தார். சதை கொப்பளித்து வெளுத்த இடத்தில் எங்கள் வீட்டு எழுத்து அச்சொட்டாக இருந்தது. "உங்கடை மாடு பள்ளிக்கூடம் போனதோ?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் எதையோ எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்.

டொக்டர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. "புலியைப் பாத்துப் பூனை சூடு போட்ட கதை," என்று மட்டும் சொன்னார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டு, இந்தச் சூட்டுக் காயத்தின் மேல் கத்தி வைக்கமுடியாது, ஆறும்வரை ஒப்பரேசன் பிந்தும் என்றார். குறித்த நாள் போய்விட்டது.

காத்திருந்த அந்த வாரங்களைப் பற்றி எனக்கு எழுதவே விருப்பமில்லை. மேலே பொருக்கு வைத்துத் தோல் ஆறிக்கொண்டு வந்தது. அயலவர்கள் வந்து பார்த்து, "கட்டி வத்துது போலை," என்றார்கள். அண்ணையும் நம்பினார். கீழே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். வெளியில் வைத்த சூடு தோலோடு தீர்ந்துவிடும். அதற்குக் கீழே போகப்போக வெறும் வெதுவெதுப்பு. வெதுவெதுப்பான இடத்துக்கு இரத்தம் கூடுதலாக ஓடும், கட்டிக்குச் சாப்பாடும் கூடுதலாகக் கிடைக்கும். சூட்டைக் கட்டிக்குள்ளேயே பிறக்கவைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை வருடமாக உலகம் முழுவதும் ஆட்கள் உருண்டை உருட்டுகிறார்கள். இதை அண்ணைக்கு இன்னொரு முறை சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் இரும்பை விழுங்கிவிடுவாரோ என்று கூட நினைத்தேன்.

கடைசியில் வெட்டினார்கள். பகல் முழுவதும் எடுத்தது. தாடை எலும்பில் ஒரு துண்டு, கழுத்துச் சதை, அதோடு சுட்ட தோலும். நெஞ்சில் இருந்து சதையைத் திருப்பி எடுத்துக் கழுத்தில் மூடினார்கள். எடுத்ததைப் பரிசோதிக்கிற இடம் டவுனுக்குள் வேறாக இருந்தது. உறவினர்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு போத்தலை என் கையில் தந்தார்கள்.

ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். "என்ன அக்கா, ஊறுகாயோ?" என்று ஓட்டோக்காரர் கேட்டார். "ஓம்," என்றேன். குழிகளில் ஓட்டோ குலுங்க, மருந்துத் தண்ணீருக்குள் அந்தச் சதை மெல்லத் திரும்பியது. திரும்பியபோது குறி என் பக்கம் வந்தது. அப்பா அடித்த எழுத்து. தொலைந்தது திரும்பி வீட்டுக்கு வரவேண்டும் என்று சுடுகிற எழுத்து. போத்தலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். எங்கள் மாடு, எங்கள் மாடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். வேறு தேவாரம் ஒன்றும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

முடிவு வந்தபோது டொக்டர் சொன்னார்: "வெட்டின விளிம்பெல்லாம் சுத்தம். அவர் வைச்ச சூடு முட்டைக்கோதின்ரை தடிப்புக்குத்தான் இறங்கியிருக்கு. அதுக்குக் கீழை கட்டி முழுசா உயிரோடை இருந்தது. பிந்தின நாளிலை அது வேறை எங்கையும் ஓடியிருக்கோ எண்டு இப்ப ஒருத்தராலும் சொல்லேலாது. பாத்துக்கொண்டுதான் இருக்கோணும்."

கதிர்வீச்சும் முடிந்துவிட்டது. அண்ணை இப்போது கஞ்சி குடிக்கிறார். ஒரு பக்கத் தாடை இல்லாமல் அவர் கதைப்பது மச்சாளுக்கும் எனக்கும்தான் விளங்கும். உடைந்த மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகப் பொருந்திவிட்டது. அந்தக் கையால் இனி ஒருவருக்கும் அடிக்கமுடியாது. அதை நான் உடைத்ததற்கு இன்றைக்கும் எனக்குத் துக்கமில்லை. அவரும் ஒருநாளும் அதைப்பற்றிச் சொன்னதில்லை.

போன கிழமை ஆய்வுகூடத்தில் ஓர் எலிக்குக் கட்டி முற்றாகக் கரைந்துவிட்டது. இரண்டு அடியும் விழுந்திருந்தது, சூடும் மருந்தும், ஒரே நேரத்தில், உள்ளுக்குள் இருந்தே. விலாவில் சின்னதாக ஒரு பொருக்கு மட்டும். தீன் தின்றது, மூக்கை நீட்டி என் கையுறையை முகர்ந்தது. எல்லோரும் வந்து எட்டிப் பார்த்துச் சந்தோசப்பட்டார்கள். நான் அதன் கழுத்தைப் பிடித்து முறித்தேன். வெட்டிப் பார்த்தேன். கையைக் கழுவிவிட்டு அண்ணை வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"எலி?" என்றார் அண்ணை. எப்போது எடுத்தாலும் முதலில் கேட்பது அதுதான்.

"ஒண்டுக்கு முழுச் சுகம்."

"கொண்டிட்டியோ?"

"ஓம்."

"உள்ளுக்கை?"

"வெட்டிப் பாத்தனான் அண்ணை. ஈரல், நுரையீரல், எல்லாம் பாத்தனான். ஒண்டுமில்லை. சுத்தம்."

எச்சில் விழுங்க அவர் படுகிற பாடு போனில் கேட்டது.

"அது குடுத்துவைச்ச எலி," என்றார். "அதுக்கு ஒராள் உள்ளுக்கை பாத்துச் சொல்லியாச்சு."

அந்தப் பக்கத்தில் மாடு கத்தியது. தண்ணீர் வைக்கவேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தார்.